நேற்று நீ சொன்ன ஐந்து சொற்கள்

நல்ல செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன், ராசா. பின்னால் வருவதை எழுதிய பிறகு எனக்கு அதற்கு மனம் வராது. உன் அக்காவின் மூத்தவள் அபிராமி பார்மசிஸ்ட் ஆகிவிட்டாள். யூனியன்வில்லில் ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுடன் நிற்கிறாள். என் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை இருந்தும் இப்போது என் பிரஷர்க் குளிசையை அங்கே போய்த்தான் எடுக்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவர்களிடம், "உதில நிக்கிறது என்ர பேத்தி" என்று ஒருமுறை சொன்னால் பிரஷர் தானாகக் குறைகிறது. அவளுடைய தம்பி கவின் ஒஷாவாவில் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு. நான்கு பாடத்தில் ஏ, ஒன்றில் பி. அந்தப் பியை நான் வெளியில் சொல்வதில்லை. உன் மகள் மாயா எட்டு வயதில் நீச்சல் போட்டியில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பிள்ளைகளும் அவளைவிட ஒரு முழம் உயரம் என்பதையும் சேர்த்தே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி நீ. பெருமை சொல்லும்போது உன்னை எப்போதும் கடைசிக்கு வைப்பேன், உனக்கு நேரம் கூடத் தேவை என்பதால். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு, ஹெல்மெற் போட்டு விளையாடுகிற ஃபுட்போலில் குவாட்டர்பாக் என்றால் என்னவென்று தெரியாது. நான்தான் விளங்கப்படுத்துவேன். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது என்று மூன்று செக்கனுக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் ஃபிரிட்ஜ் அளவில் நாலைந்து பேர் அவனை விழுத்த ஓடி வருவார்கள் என்பேன். நீ பதினொரு வருடத்தில் அணி மாறி அணி மாறி ஏழு ரீம் பார்த்தாய், நடுவில் ஜேர்மனியில் ஒரு கோடையும். பெரும்பாலான காலம் கோட்டுக்கு வெளியே தொப்பியும் ஹெட்செற்றுமாக நின்று, உள்ளே விளையாடுகிறவனுக்குக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தாய். ஒரு கலியாண வீட்டில் ஒரு பெரிய மனிதர் என்னிடம், "என்னக்கா, மகன் இன்னும் பெஞ்சிலதானோ?" என்று கேட்டார். "ஓமண்ணை, அந்த பெஞ்சில இந்த நாடு முழுக்கத் தேடினாலும் இருபது பேருக்குத்தான் இடம். உங்கட மகன்ர ஒஃபிசில எத்தினை கதிரை?" என்றேன். அவர் பாயசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் அன்று முழுக்க நிமிர்ந்துதான் நடந்தேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வாயால் சொன்னால் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். அதோடு, சொன்னது இப்போதெல்லாம் உன்னிடம் தங்குவதில்லை. எழுதினால் இரண்டாம் தரமும் வாசிக்கலாம். உனக்குத் தமிழ் வாசிக்கப் பழக்கியது நான். அதனால் விளங்கவில்லை என்று தப்ப முடியாது. இந்தக் கடிதத்தை மருமகள் தர்ஷினியும் வாசிப்பாள், அக்காவும் வாசிப்பாள். விளையாடுகிற பிள்ளைகளை வைத்திருக்கிற வேறு தாய்மார் வாசித்தாலும் நல்லதுதான். உன் பெயரையோ ரீமின் பெயரையோ நான் எங்கும் எழுதவில்லை.

உன் தொழிலில் ஆளை ரீமை விட்டு நிறுத்துகிற முறையை நீயே எனக்குச் சொல்லித் தந்தாய். காலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டி, "கோச் கூப்பிடுகிறார், ஐபாட்டையும் கொண்டு வா" என்பார். விளையாட்டுத் திட்டமெல்லாம் அந்த ஐபாட்டுக்குள் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் உடுப்பைக் கட்ட வேண்டியதுதான். கட்டி முடித்துவிட்டு நீ எனக்குப் போன் எடுப்பாய். "அம்மா, இண்டைக்கு என்ன கறி?" என்பாய். இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை காலை ஒன்பது மணிக்குக் கறி விசாரித்தால் எந்தத் தாய்க்குத்தான் விளங்காது? ஏன், எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. "கணவாய் வச்சிருக்கிறன், வா" என்பேன். அதற்குப் பிறகுதான் கடைக்கு ஓடுவேன். அப்படிப் பலமுறை கணவாய் சமைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் நாள் பின்வளவில் பந்து எறியத் தொடங்கிவிடுவாய். அந்தப் பிடிவாதத்தை நான் விரும்பினேன். அது என்னிடமிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட ரீமில் சேரக் கொண்டுவந்த படிவத்தில் ஒப்பம் வைத்ததும் நான்தான். அப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்போது ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரண்டு சிஃப்ற் வேலை செய்துகொண்டிருந்தார். முதல்நாளே அவர் என்னிடம் கேட்டிருந்தார்: "தலையில அடிபட்டா ஆர் பாக்கிறது? நீ பாப்பியோ?"  மறுநாள் காலையில், அவர் வேலைக்குப் போனபின், குசினி மேசையில் வைத்துத் தமிழில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்தபோது என் பக்கம் கதைக்க ஒருவரும் இருக்கவில்லை. என் பிள்ளை ஒன்றை ஆசைப்பட்டால் அதை மறிக்கிறவள் நானாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அது நல்ல வைராக்கியம் என்றுதான் போன வருடம் வரைக்கும் நம்பினேன். அப்பா காலமாகும் வரைக்கும் அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

ஒவ்வொரு ரீமுக்குப் போகும்போதும் நீ முழுப் பாடத்தையும் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அதே ஓட்டம், அதே எறிதல், ஆனால் ஒவ்வொரு ரீமிலும் அதற்கு வேறு பெயர். நீ அட்டைகள் எழுதுவாய். ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் ஆங்கிலத்தில் அந்த நீளப் பெயர். நான் இலக்கத்தை வாசிப்பேன், நீ சமையலறைக்கும் முன்கதவுக்கும் இடையில் நடந்தபடி பெயரைச் சொல்வாய், நான் எழுத்துக் கூட்டிச் சரிபார்ப்பேன். "அம்மா, நீங்கள்தான் என்ர முதலாவது கோச்" என்று நீ பகிடியாகச் சொல்வாய். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. எனக்கு அது பெரிய பட்டம்.

அந்தப் பழக்கம்தான் என்னைப் பிழை செய்ய வைத்தது. போன ஐப்பசியில் உனக்கு அடிபட்டதை நான் ரீவியில் பார்த்தேன். நீ மல்லாந்து விழுந்த பிறகும் உன் வலது கை மட்டும் மேலே தூக்கியபடி நின்றது, எதையோ பிடிக்கப் போன மாதிரி. அந்த ஒரு வாரம் ஓய்வுக்கு நீ இங்கே வந்தாய். திரும்பப் போனதும் டொக்டர் ஒரு ரெஸ்ற் வைப்பார், அதில் தேறினால்தான் விளையாட விடுவார்கள் என்றாய். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்களாம். இலக்கங்களைப் பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்ல வேண்டுமாம். மாதங்களை டிசம்பரிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டுமாம். "இவ்வளவுதானே?" என்றேன் நான். "உதுக்கென்ன, பழகினா வந்திடும்." ஒரு கொப்பியை எடுத்து, நீ சொல்லச் சொல்ல ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். ரிவர், பட்டன், லெமன், விண்டோ, ஹாமர். அந்த ஐந்தையும்தான் அதிகம் பழகினோம். இடையில் வேறு சொற்கள், வேறு இலக்கங்கள். மூன்று நாள், காலையும் மாலையும். நீ பாஸ் பண்ணினாய்.

எங்கள் சனத்தின் குணம் அது. கேள்வி கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், முதலாம் வகுப்புப் பிள்ளையையும் ரியூசனுக்கு விட்டுவிடுவோம். டொக்டர் உன் அறிவைச் சோதிக்கவில்லை, உன் தலை ஆறிவிட்டதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் படவே இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைக்கிற தேர்மாமீற்றரைக் குளிர்தண்ணீரில் நனைத்துவிட்டு, பாருங்கள் காய்ச்சல் இல்லை என்று நான் டொக்டருக்கே காட்டியிருக்கிறேன். அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. நீ போய் இரண்டு ஆட்டம் தொடர்ந்து வென்றாய். நான் கோயிலில் ஒருவரையும் விடாமல் பிடித்துவைத்துச் சொன்னேன். கடைசி ஆட்டத்தில் இன்னொரு அடி பட்டது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நீ அதைத் தர்ஷினிக்கு மட்டும் சொன்னாய், அதுவும் தைப்பொங்கலுக்குப் பிறகு.

அதற்குப் பிறகு நான் கண்டவற்றை எழுதுகிறேன். மாசியில் மார்க்கம் ரோட்டில் பச்சை விளக்கு விழுந்தும் நீ காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "எந்தப் பக்கம் திரும்பிறது, அம்மா?" என்று கேட்டாய். பதினெட்டு வருடம் நீ இருந்த வீட்டுக்கு, ராசா. வைகாசியில் மாயாவை விட்பியில் நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போக வேண்டியவன் வீட்டில் இருந்து ரீவி பார்த்துக்கொண்டிருந்தாய். பிள்ளை ஈரத் தலையோடு ஒரு மணித்தியாலம் கதவடியில் நின்றாள். அவள் அழவில்லை. "அப்பாக்கு மறந்துபோச்சு, அப்பம்மா, ஆனா நான் அம்மாக்குச் சொல்லேல்லை" என்று என் காதில் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை உனக்காக ஒளிக்கப் பழகிவிட்டாள். அதையும் நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரே குடும்பத்தில் பாட்டியும் பேத்தியும் தனித்தனியாக ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

தர்ஷினி மட்டும் சும்மா இருக்கவில்லை. தலையில் அடிபட்டவர்களைப் பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் சித்திரையிலேயே பெயர் கொடுத்தாள். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்தது நாளைக்கு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. திங்கட்கிழமை உனக்கு மேற்கேயிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய குவாட்டர்பாக் தோளை உடைத்துக்கொண்டானாம், இரண்டாமவன் புதுசாம், நீ வியாழக்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை டொக்டரின் ரெஸ்ற், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். விமானம் பதினொன்றரைக்கு. மாசியில் ரீம் உன்னை நிறுத்திய பிறகு ஒருவரும் கூப்பிடாத ஏழு மாதத்தில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த அழைப்பு வந்தபோது உன் குரலில் வந்த உயிரும் எனக்குத் தெரியும். அதனால்தான் நேற்று மத்தியானம் நீ அந்தப் பழைய கொப்பியோடு வந்தபோது உன்னைத் திருப்பி அனுப்பாமல் கதவைத் திறந்தேன்.

"அம்மா, ஒரு அரை மணித்தியாலம் இருக்கோ?"

"சாப்பிட்டியோ?"

"பிறகு. முதல்ல இதை முடிப்பம். புதுச் சொல்லாச் சொல்லுங்கோ, நான் பழகாததா."

நான் கண்ணில் பட்டவற்றைச் சொன்னேன். ஸ்பூன், கேற், ரெயின், மிரர், பொக்கெற். நீ உடனே திருப்பிச் சொன்னாய். இலக்கங்களுக்குப் போனோம். "ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு" என்றேன். "நாலு, ஒன்பது..." என்று தொடங்கி நின்றுவிட்டாய். "திரும்பச் சொல்லுங்கோ, நீங்கள் கெதியாச் சொல்லுறியள்." நான் மெதுவாகத்தான் சொன்னேன். இன்னும் மெதுவாகச் சொன்னேன், வந்தது. மாதங்களில் ஆகஸ்ட்டிலிருந்து ஜூனுக்குப் போனாய். இடையில் ஒன்று விழுந்தது உனக்குத் தெரியவில்லை. "நீங்கள் டொக்டரா வந்திருந்தா, அம்மா, நான் இன்னும் பத்து வருசம் விளையாடுவன்" என்று சிரித்தாய். நான் தேத்தண்ணீர் போட்டேன். கேத்தில் கொதிக்கும் வரைக்கும் அந்த ஐந்தும் உனக்கு நினைவிருக்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். சீனியை உன் கோப்பையில் இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

"இப்ப கேளுங்கோ" என்றாய். கண்ணை மூடிக் கதிரையில் சாய்ந்தாய். பிறகு ஒரு இடத்திலும் தடக்காமல் சொன்னாய்: "ரிவர், பட்டன், லெமன், விண்டோ, ஹாமர்."

போன வருடத்துச் சொற்கள். நேற்று நான் சொன்னவற்றில் ஒன்றுகூட இல்லை.

"சரிதானே?"

"ஓம். சரி."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

"பாத்தியளோ? என்னைக் கிழவன் எண்டினம். மண்டை இன்னும் நல்லா ஓடுது." என் உச்சந்தலையில் கொஞ்சிவிட்டு, இடியப்பம் ஆறு தின்று, பாட்டுப் பாடிக்கொண்டு போனாய். நான் கொப்பியை மூடாமல் அதே கதிரையில் இருந்தேன். ராசா, நீ சொன்னது பிழை. ஐந்தும் பிழை. நான் பொய் சொன்னேன். இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அதுதான். மற்றதெல்லாம் அதற்கு வரத் துணிவு தேடி எழுதியது.

ஏன் சொன்னேன் என்று இரவு முழுக்க என்னைக் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது உன் முகம் றிப்போர்ட் கார்ட் கொண்டுவந்த நாளில் இருந்த மாதிரி இருந்தது. அந்த முகத்துக்குப் பிழை என்று சொல்ல என் வாய் பழகவில்லை. அது அன்பு என்று நான் எழுதினால் நீ நம்புவாய், ஆனால் அது முழுவதும் அன்பு இல்லை. பயமும் இருந்தது. நீ இனி விளையாடமாட்டாய் என்றால் நான் யாரைக் கடைசியாக வைத்துப் பெருமை சொல்வது என்ற எண்ணமும் ஒரு மூலையில் இருந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்று காலை தர்ஷினிக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "மாமி, அவர் நேற்று வந்து 'அம்மா அஞ்சுக்கு அஞ்சு தந்தவ' எண்டார். அதைக் கேட்டுத்தான் கிளினிக்கைக் கான்சல் பண்ண நானும் ஓமெண்டனான்" என்றாள். என் பொய்யை நீ வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாட்சியாக வைத்திருக்கிறாய். "பண்ணிட்டியோ, பிள்ளை?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை, மத்தியானம் எடுப்பம் எண்டு இருந்தனான்." "எடுக்காத" என்றேன்.  பத்து மணி இன்னும் உனக்காக இருக்கிறது, ராசா. பதினொன்றரையும் இருக்கிறது. இரண்டுக்கும் போக முடியாது.

நான் உன் ரீமுக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது. பிளேனில்தான் ஏறுவது என்றால், அங்கே போய் டொக்டரிடம் கடைசி ஆட்டத்து அடியைச் சொல்லு, பச்சை விளக்கைச் சொல்லு, வீட்டில் பழகிவிட்டு வந்தேன் என்றும் சொல்லு. கிளினிக்குக்குப் போனால் ஒன்றையும் பழகாமல் போ. கேட்கிறபோது வராததை வரவில்லை என்று விடு. உன்னால் இன்னும் அறுபது யார் எறிய முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. எறிந்த பந்து யார் கைக்குப் போனது என்று பின்னேரம் உனக்கு நினைவிருக்குமா என்பதுதான் என் கேள்வி. நீ கோட்டுக்கு வெளியே நின்று மற்றவனுக்குச் சைகை காட்டிய வருடங்களை நான் ஒருநாளும் குறைவாகச் சொன்னதில்லை. அந்த வேலையை நன்றாகத் தெரிந்தவன் என்று உன்னைத் தேடி ஒருவர் வரலாம், வராமலும் விடலாம். அதை நான் உனக்கு வாக்காகத் தரமாட்டேன். இனிமேல் தெரியாததைத் தருகிறேன் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நீ கோபிப்பாய். தர்ஷினியிடம் சொன்னதற்கு ஒரு கோபம், பொய் சொன்னதற்கு அதைவிடப் பெரிய கோபம். இரண்டும் எனக்கு வர வேண்டியவைதான், கொண்டுவந்து தா. ஆனால் கொப்பியைக் கேட்காதே. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாயிற்று, குப்பை லொறியும் இன்று காலை வந்துபோய்விட்டது. தர்ஷினி வேலை முடிந்து வந்து இந்தக் கடிதத்தை எடுத்துப்போவாள். நாளைக் காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்து மாயாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவேன். நீ எந்தப் பக்கம் போனாலும் பிள்ளை தனியாக நிற்கமாட்டாள்.

இன்னொன்று கேட்கிறேன். எனக்கு உன் புதுப் படம் ஒன்று வேண்டும். போனில் அனுப்பாதே, போனில் வருவதை நான் பார்த்து முடிப்பதற்குள் பேரப்பிள்ளைகள் விரலால் தள்ளிவிடுகிறார்கள். கடுதாசிப் படமாக எடுத்து, முத்திரை ஒட்டித் தபாலில் போடு. ஹெல்மெற் வேண்டாம், தொப்பி வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நாளைக்கு எங்கே நிற்கிறாயோ அங்கேயே நின்று எடு. படத்தின் பின்பக்கத்தில் அன்றைய திகதியை உன் கையால் எழுது. போனைப் பார்த்து எழுதாதே, தர்ஷினியைக் கேட்டு எழுதாதே. பிழையாக இருந்தால், இந்த முறை பிழை என்றே சொல்லுவேன்.